அந்தியூர்ல வாங்கின குதிரைக்கு முதல் ஊட்டிக் குளிர்: லாயத்தையும் முற்றத்தையும் எப்படித் தயார் பண்றது?

பாலாடா தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கோயம்புத்தூர்ல இருந்து கேத்தி பாலாடா பக்கம் வந்து காய்கறி போட்டுட்டு இருக்கோம். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு பெண் குதிரை வாங்கினோம். கத்தியவார் கலப்பு, ஆறு வயசு. டாக்டர் நெஞ்சுச் சுத்தளவு எடுத்துப் பார்த்து 350 கிலோ இருக்கும்னார். மின்னின்னு பேர் வச்சிருக்கோம். அதுக்குத் துணையா வயசான மட்டக் குதிரை ஒண்ணு, அப்பு. சவாரிக்கு விட்டு ஓய்ஞ்சு போனது. அப்புவுக்கு ஊட்டிக் குளிர் பழக்கம். மின்னிக்கு இதுதான் முதல் தடவை, எங்களுக்கும்தான்.

லாயம்னு சொல்றது பழைய உருளைக்கிழங்கு ஷெட். தகரக் கூரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவுல ஒண்ணரை அடி திறப்பு. சிறுத்தை நடமாட்டம் இருக்குன்னு பக்கத்துத் தோட்டத்துல சொன்னதால அதைச் சுத்தியும் தார்ப்பாய் கட்டி அடைச்சுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். குளிருக்கும் ஆச்சு, சிறுத்தைக்கும் ஆச்சுங்கிறார். முன்னாடி முற்றம் செம்மண் சரிவு. இப்ப பெய்ஞ்ச மழைக்கே கேட் பக்கம் கணுக்கால் வரைக்கும் சேறு.

தீனி இப்போதைக்கு கிக்குயூ புல், கோதுமைத் தவிடு, கொள்ளு. குளிருக்குக் கொள்ளை ரெண்டு மடங்கு ஆக்கணும்னு ஒருத்தர் சொன்னார், ராத்திரி கொஞ்சம் ரம் ஊத்துங்கன்னு இன்னொருத்தர். கம்பளி போர்த்தணுமா? மார்கழியில தொட்டித் தண்ணி ஐஸ் மாதிரி ஆயிடுமாமே, குடிக்குமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

லாயத்துக்காரன், ஊட்டி:

தங்கச்சி, தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்ல குதிரைதான். ஏரிப் பக்கம் சவாரிக்கு விடறோம். நீங்க குளிரைப் பத்திக் கேக்கறீங்க, நான் ஈரத்தைப் பத்தித்தான் சொல்லப்போறேன். உடம்பு காஞ்சிருந்து வயித்துல புல் இருந்தா ஊட்டிப் பனியை நம்ம குதிரை தாங்கிக்கும். நனைஞ்சு காத்துல நின்னா பத்து டிகிரியிலயே நடுங்கும். நம்ம மலையில ஐப்பசி, கார்த்திகை மழை முதல்ல, மார்கழி, தை உறைபனி அப்புறம். அதனால வேலையையும் அந்த வரிசையிலயே பண்ணுங்க.

முதல்ல கூரைத் தண்ணி. ஷெட் இருபதுக்கு இருபது அடின்னு வச்சுக்குங்க, 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 1,800 லிட்டருக்கு மேல ஷெட் வாசல்லயே கொட்டும். சேறு பாதி அங்க இருந்துதான் வருது. தகரத்து ஓரம் பிவிசி பைப்பை நீளவாக்குல அறுத்து மாட்டி தண்ணியைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுங்க. முற்றத்துக்கு மேட்டுப் பக்கம் குறுக்கால ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினா மேல இருந்து வர்ற தண்ணி சுத்திப் போயிடும்.

கேட்டுக்குப் பக்கம், தண்ணித் தொட்டியைச் சுத்தி, இந்த ரெண்டு இடத்துல மட்டும் ஜல்லி போட்டாப் போதும், முற்றம் முழுக்க வேண்டாம். சேத்து மேல நேரா ஜல்லியைக் கொட்டாதீங்க, ரெண்டு மழைக்குள்ள மண்ணு முழுங்கிடும். கெட்டி மண்ணு தெரியற வரைக்கும் சேத்தை வழிச்சு எடுத்துட்டு, தண்ணியை விட்டுட்டு மண்ணைத் தடுக்கற ஜியோ டெக்ஸ்டைல் துணி கிடைச்சா விரிச்சு, 40 எம்.எம். ஜல்லி அரை அடி, மேல கிரஷர் தூள் போட்டு நல்லா இடிச்சுவிடுங்க. சாணியைத் தினமும் அள்ளணும். அது மண்ணோட கலந்தாத்தான் சேறு காயாம நாறிக்கிட்டே கிடக்கும்.

தார்ப்பாய் விஷயம். அந்த ஒண்ணரை அடித் திறப்பை அடைக்கவே அடைக்காதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அடைச்ச லாயத்துல மூத்திரத்தோட காரம் அங்கயே நிக்கும், மூச்சுக்காத்து தகரத்துல பட்டு விடியக்காலம் முதுகு மேல சொட்டும். அப்புறம் இருமல் வரும், போகவே போகாது. காலைல கதவைத் திறந்த உடனே உள்ள போய் குத்துக்கால் போட்டு உக்காந்து மூச்சை இழுத்துப் பாருங்க. குதிரை படுத்தா அதோட மூக்கு அந்த உயரத்துலதான் இருக்கும். கண்ணு எரிஞ்சா காத்து பத்தலைன்னு அர்த்தம். சிறுத்தைக்கு வெல்டு மெஷ், அதான் பத்தவச்ச கம்பி வலை, அடிங்க. தார்ப்பாய் கட்டித்தான் ஆகணும்னா காத்து அடிக்கிற ஒரு பக்கம், குதிரை முதுகு உயரம் வரைக்கும் மட்டும். உள்ள கரி அடுப்பு வைக்கவே கூடாது. நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் ரூமுக்குள்ள கரி மூட்டிப் படுத்தவங்க மூச்சு முட்டிச் செத்த செய்தி நீங்களும் படிச்சிருப்பீங்க. குதிரைக்கும் அதே கதிதான்.

மழையில நனைஞ்சு வந்தா எங்கப்பா பண்றதைச் சொல்றேன், இன்னைக்கும் நாங்க அதைத்தான் பண்றோம். வைக்கோலை முறுக்கிப் பிடிச்சு முதுகு, நெஞ்சு, தொடை எல்லாம் அழுத்தித் தேய்ப்பார். காதை வேர்ல இருந்து நுனி வரைக்கும் உள்ளங்கையில உருவிவிடுவார். அப்புறம் முதுகு மேல காஞ்ச வைக்கோலைத் தளர்வா பரப்பி, அதுக்கு மேல சணல் சாக்கைப் போட்டு ஒரு வாரால கட்டிவிடுவார். வைக்கோலுக்கு நடுவுல காத்து ஓடி உடம்புச் சூட்டுலயே ஈரம் மேல ஏறி, கொஞ்ச நேரத்துல சாக்கோட வெளிப்பக்கம் ஈரமாகும், உள்ள முடி காஞ்சிருக்கும். அப்ப சாக்கை எடுத்துடணும். நனைஞ்ச உடம்பு மேல நேரா கம்பளியைப் போட்டா ஈரத்தை அடைகாக்கற மாதிரி.

சேறு ஒட்டின காலைக் குழாய் வச்சுக் கழுவாதீங்க. காயவிட்டு பிரஷ் போடுங்க. தினம் கழுவினா குதிங்கால் பள்ளத்துல தோல் ஊறி வெடிச்சுப் பொருக்கு கட்டும். குளம்பை மட்டும் தினமும் கொக்கியால நோண்டணும். அடியில முக்கோணமா மெத்துன்னு ஒரு பாகம் இருக்கில்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்துல கொக்கியைக் குதிங்கால்ல இருந்து நுனிப் பக்கம் இழுங்க. கறுப்பா பிசுபிசுன்னு வந்து அழுகின நாத்தம் அடிச்சா குளம்பழுகல் ஆரம்பிச்சிருச்சு. உடனே லாடக்காரரைக் கூப்பிடுங்க. குளிர்ல குளம்பு மெதுவாத்தான் வளரும், ஆனாலும் ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துடணும். மின்னி மூணு மாசம் சும்மாதான் நிக்கப்போகுதுன்னா லாடத்தைக் கழட்டிடலாமான்னு அவரையே கேளுங்க.

இன்னொண்ணு, படுக்கைக்குக் காட்டுப் பெரணியை வெட்டிப் போட ஆளுங்க சொல்வாங்க. வேண்டாம். பனியில புல் கருகிட்டா பசிக்கு அதைத் தின்னும், குதிரைக்கு அது விஷம். மரத்தூள் போடுங்க, இல்லைன்னா வைக்கோல்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):

லாயத்துக்காரர் சொன்னது அத்தனையும் சரி. அவர் தொடாத தீனியையும் தண்ணீரையும் பற்றி நான் சொல்கிறேன்.

குதிரையின் உடம்புக்குச் சூடு தருவது கொள்ளு அல்ல, நார்த்தீனி. புல் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம்தான் இரவெல்லாம் உடம்பைக் காக்கிறது. ஒரு நாளைக்கு உலர்தீனி உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வேண்டும். மின்னிக்கு அது ஐந்தேகால் முதல் ஏழு கிலோ. உறைபனி நாட்களில் ஒரு கிலோ கூட்டி, பெரும்பங்கை இரவுக்கு வையுங்கள். விடியும்போது தொட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அளவு சரி. கொள்ளைத் திடீரென்று இரண்டு மடங்காக்கினால் வயிற்று வலியும் குளம்புச் சதை வீக்கமும் வரலாம். ரம் வேண்டவே வேண்டாம். சாராயம் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

உங்கள் தீனியில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. கிக்குயூ புல்லில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். முதலில் நொண்டும், பிறகு முகத்து எலும்பு வீங்கும். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரை மசால் என்ற தீவனப் பயிருக்கு இங்கேதான் வேலை. அதில் கால்சியம் நிறைய. கோவைப் பக்கம் பயிரிடுகிறார்கள், காயவைத்துக் கட்டாக வாங்கி வையுங்கள். தினம் ஒன்றரை கிலோவில் தொடங்கி, தவிட்டை ஒரு பிடி அளவுக்குக் குறையுங்கள். பனியில் கிக்குயூ கருகும்போது கைகொடுக்கவும் அது இருக்கும். ஓட்ஸ் புல் கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சைச் சோளத்தட்டை மாட்டுக்குப் போடுவதுபோலக் குதிரைக்குப் போடாதீர்கள், சிறுநீர்ப்பையையும் நரம்பையும் கெடுக்கும்.

தண்ணீர் அதைவிட முக்கியம். இந்த எடைக்கு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் குடிக்க வேண்டும். உலர்தீனி கூடும்போது தேவையும் கூடும், தண்ணீரோ சில்லென்று இருக்கும், குதிரை குடிப்பதைக் குறைத்துவிடும். குடலில் தீனி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்வது இப்படித்தான். காலையும் மாலையும் ஒரு கொதிகெண்டி வெந்நீரைத் தொட்டியில் கலந்து சில்லென்ற தன்மையைப் போக்குங்கள். தினமும் 30 கிராம் உப்பைத் தீனியில் கலந்தால் தானாகக் குடிக்கும். சாண உருண்டைகளைத் தினமும் கவனியுங்கள். சிறுத்து, கெட்டியாகி, எண்ணிக்கையும் குறைந்தால் அது எச்சரிக்கை. முன்காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, தீனியை விட்டு ஒதுங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

கம்பளி: குளிர்கால முடியை வளர்க்கச் சொல்வது குளிரைவிடக் குறுகும் பகல்தான். ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். ஐரோப்பியக் குதிரைபோல நம் குதிரைக்கு அடர்ந்த முடி வராது. அங்கே மைனஸ் பத்துவரை தாங்கும் என்று படித்ததை இங்கே வைத்துப் பார்க்காதீர்கள். முடி மெல்லியதாக இருந்தால் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் மின்னிக்கு ஒரு போர்வை நியாயம்தான். வெளியே நிற்கும் என்றால் மழை புகாத போர்வை. காலையில் கழற்றி, விலா எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். முடி இளைப்பை மறைத்துவிடும், கண்ணை நம்ப முடியாது. குடற்புழு மருந்தும் டெட்டனஸ் ஊசியும் மழைக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

கொடை மட்டக்குதிரை:

வெல்டு மெஷ் பத்தி ஒரு வார்த்தை. மெஷ்ஷை வெளிப்பக்கம் அடிங்க, வெட்டின கம்பி முனை உள்ள நீட்டிட்டு இருந்தா கண்ணைக் குத்திடும். கதவுக்கு வெறும் கொக்கி பத்தாது, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுங்க, கரடியும் வர்ற ஊரு உங்களது. பாலாடாவுல கழிவு கேரட் மூட்டை மூட்டையா சும்மாவே கிடைக்கும். ஆசைப்பட்டுக் கொட்டிடாதீங்க. அழுகலைப் பொறுக்கி எறிஞ்சுட்டு, நாளைக்கு ஒரு கிலோ, வட்டமா நறுக்காம நீளவாக்குல கீறிப் போடுங்க. வட்டத் துண்டு தொண்டையில அடைக்கும்.

பாலாடா தோட்டம்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் தார்ப்பாயை மடிச்சு வச்சுட்டார், வெல்டு மெஷ்ஷுக்கு நாளைக்கு ஆள் வர்றாங்க. குதிரை மசாலுக்கும் சொல்லிவிட்டிருக்கோம். ஒரே ஒரு சந்தேகம் டாக்டர் ஐயா. அப்பு புல்லை மென்னு மென்னு பாதியில உருண்டையா கீழ துப்புது. தொட்டிக்குக் கீழ பச்சையா உருண்டை உருண்டையா கிடக்குது. குளிருக்குப் புல்லைக் கூட்டச் சொன்னீங்களே, அது எப்படித் தின்னும்?

கால்நடை மருத்துவர் (ஓய்வு):

நல்லவேளை கேட்டீர்கள் அம்மா. அது கடைவாய்ப் பல். கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கிறதா, ஆடுகிறதா என்று இந்த வாரமே ஒருவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கூர் மட்டும் என்றால் அரத்தால் ராவிவிடலாம். பல்லே தேய்ந்து போயிருந்தால் நீளப் புல் இனி அவனுக்கு உதவாது. குதிரை மசாலை ஓர் அங்குலத்துக்கு நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கூழாக்கி நாளைக்கு நான்கு வேளையாகக் கொடுங்கள். தண்ணீரும் அதிலேயே உள்ளே போய்விடும். ஊறவைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். மின்னி வந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, அவன் தின்னும்வரை நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு போடுங்கள். புல்லைச் சரியாகத் தின்ன முடியாதவனுக்கு உடம்புச் சூடும் குறையும், அதனால் போர்வை ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அப்புவுக்கு வாங்குங்கள்.