அம்மாவின் கோல நோட்டை ஆரி டிசைனாக்குவது எப்படி?

திருநகர்க்காரி:
தங்கைக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. அரக்குப் பட்டு ரவிக்கையின் முதுகுக்கு ஆரி (கொக்கி ஊசியால் போடுகிற சங்கிலித் தையல்) போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். போனில் டிசைன் தேடினால் மயில், யானை, மறுபடியும் மயில். மதுரை விளக்குத்தூண் பக்கக் கடைகளில் தொங்குகிற ரவிக்கைகளிலும் அதே மயில்தான் உட்கார்ந்திருக்கிறது. அலுத்துப்போய் அம்மாவின் கோல நோட்டை எடுத்தேன். மார்கழிக்கென்று பழைய டைரியில் வரைந்தது, பாதிப் பக்கங்களில் பால் கணக்கும் இருக்கிறது. அதில் 7 புள்ளி, 4 வரை இடுக்குப்புள்ளி, ஒரு சிக்குக் கோலம். தங்கைக்கும் அதுதான் வேண்டுமாம்.

கிராஃப் தாளில் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்துப் பெரிதாக்கினேன். வாசலில் உருண்டையாக நிற்கிற கோலம் தாளில் பப்பாளிக்காய் மாதிரி நீண்டுவிட்டது. சரி, பதிகிறதா என்றாவது பார்ப்போம் என்று ஓரத்துணியில் கார்பன் வைத்தேன். அரக்கில் நீலக்கோடு கண்ணுக்கே தெரியவில்லை. துணியை இன்னும் வெட்டவில்லை.

வில்லாபுரம் டெய்லர்:
வெட்டாமல் வைத்திருக்கிறீர்களே தங்கச்சி, அதுவே போதும். இடுக்குப்புள்ளியில் மேல்வரிசைப் புள்ளி, கீழே இரண்டு புள்ளிக்கு நடுவில் விழும். புள்ளிக்குப் புள்ளி 8 நூல், அதாவது ஓர் அங்குலம் என்றால் வரிசைக்கு வரிசை 7 நூல்தான் வரவேண்டும். நீங்கள் இரண்டுக்கும் 8 வைத்திருப்பீர்கள், அதுதான் பப்பாளி. அப்புறம், 7 புள்ளிக்கு 6 அங்குலம், வெளிக்கோடு சுற்றி வரும்போது 7 ஆகிவிடும். கழுத்து இறக்கத்தைப் பார்த்துப் புள்ளி இடைவெளியை 6 நூலுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரிசைக்கு 5 நூல், ஒரு மயிரிழை கூட.

கார்பனை விடுங்கள். டிரேஸ் தாளில் வரைந்து, மடித்த போர்வைமேல் வைத்து, கோட்டின்மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள். பின்பக்கம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் துளை திறக்கும். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் வெள்ளைப் புள்ளியாக இறங்கும். திருநீறு குழைக்கிற பதம் போதும், தண்ணியாகப் போனால் பட்டில் பரவிவிடும். முதலில் ஓரத்துணியில் பாருங்கள். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

செல்லூர் அக்கா:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. சிக்கு விழுகிற இடத்தைத்தான் விட்டுவிட்டார். சங்கிலிமேல் சங்கிலியை ஓட்டினால் அங்கே கரடு தட்டும். நான் முதலில் போட்ட தலையணை உறையில் கன்னத்தை வைக்க முடியாது! ஒரு கோட்டை முழுசாக ஓட்டு. மற்றதை அதற்கு ஒரு தையல் முன்னால் பூட்டி முடித்து, அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்கு. ஒருமுறை மேலே, அடுத்த முறை கீழே என்று மாறி மாறிப் போனால் நிஜமாகவே பின்னியது போல இருக்கும்.

மொத்தம் 37 புள்ளி வரும். சின்ன முத்து வை. சமிக்கி வைத்தால் கோலம் அமுங்கிவிடும். பழகிப் பார்க்கப் பழைய சுங்குடிச் சேலை இருந்தால் எடு, புள்ளி தயாராகவே இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி என்றால் வரிசை கொஞ்சம் நெளியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

திருநகர்க்காரி:
அண்ணே, உருண்டை வந்துவிட்டது! குத்தி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அக்கா, ஒரு சந்தேகம். நோட்டில் ஒரு மூலையை எண்ணெய்க்கறை தின்றுவிட்டது. இரண்டு புள்ளியைக் கோடு எப்படிச் சுற்றுகிறது என்றே தெரியவில்லை.

செல்லூர் அக்கா:
எதிர் மூலையைப் பார். அங்கே எப்படி வளைகிறதோ அதையே திருப்பிப் போடு.