மலை வேலையை விட்ட பிறகும் பசி ஏன் குறைவதில்லை?

கேள்வி: கொட்டகலை வாசகி

வணக்கம். தேயிலை மலையில் கொழுந்து பறித்து, வேலையை விடும்போது கிடைக்கும் சர்விஸ் காசு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் வயிறு போடுகிறது, பின்னாலேயே சீனி வியாதியும் வருகிறது. டவுன் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளிலும் இதைப் பார்க்கலாம். "வாயைக் கட்டு" என்பதுதான் எல்லாரும் சொல்லும் புத்தி. சாப்பாட்டைக் குறைத்தால் ஒரு மாதம் எடை இறங்குகிறது, அப்புறம் முன்னையை விடப் பசிக்கிறது என்கிறார்கள். மலை ஏறாத உடம்புக்கு எதற்கு அந்தப் பசி? மூளையும் ஹோர்மோனும் இதில் என்ன செய்கின்றன? மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்பில் நடக்கக்கூடியதாகச் சொன்னால் உதவி.

பதில்: உடலியல் ஆசிரியர், கண்டி

பசி வாயில் பிறப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்றொரு சிறு இடம். அங்கே இரண்டு வகை நரம்புக் கலங்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன: ஒன்று "சாப்பிடு" என்று தூண்டும், மற்றது "போதும்" என்று அடக்கும். இரண்டுக்கும் சேதி கொண்டுபோவது ஹோர்மோன்கள்.

வயிறு காலியானால் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற பசி ஹோர்மோன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை அது பழகிக்கொள்ளும். மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்குப் பழகிய உடம்பு, வீட்டில் சும்மா இருந்தாலும் பத்து மணிக்குக் கேட்பது அதனால்தான். சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்கியதும் சி.சி.கே., ஜி.எல்.பி-1, பி.வை.வை. என்ற குடல் ஹோர்மோன்கள் "போதும்" என்ற சேதியை அனுப்பும். அது மூளையில் உறைக்கப் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்குச் சேதி வந்து சேரும்போது இரண்டாம் தட்டும் முடிந்திருக்கும்.

நீண்ட நாள் கணக்கை வைத்திருப்பது லெப்டின் என்ற ஹோர்மோன். 1994இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்களே அதைச் சுரக்கின்றன. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். அப்படியானால் பருத்தவருக்குப் பசி குறைய வேண்டுமே? குறைவதில்லை, ஏனென்றால் மூளை அந்தச் சேதிக்குக் காது கொடுப்பதை விட்டுவிடுகிறது. ஆனால் லெப்டின் இறங்கினால் மட்டும் உடனே பதறும். பஞ்சத்தில் உயிரைக் காப்பாற்ற அமைந்த ஏற்பாடு இது, பருமனைத் தடுக்க அமைந்ததல்ல.

உங்கள் "ஒரு மாதம் கழித்து" என்ற கேள்விக்கு விடை இங்கேதான். 2011இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்தும் சோதித்தார்கள். கிரெலின் கூடியபடியே இருந்தது, லெப்டின் குறைந்தபடியே இருந்தது, பசியும் தணியவில்லை. மன உறுதி இல்லை என்று அந்தப் பெண்களைத் திட்டுவது அநியாயம்.

மலையை விட்டவர்களின் பசிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1956இல் ஜீன் மேயரும் கூட்டாளிகளும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் தொழிலாளிகளின் சாப்பாட்டையும் எடையையும் அளந்தார்கள். வேலை கடினமாக ஆக, சாப்பாடும் அளவாகக் கூடியது, எடை ஏறவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களை விட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூட. உடம்பு ஓரளவுக்காவது அசைந்தால்தான் பசியின் தராசு நேராக நிற்கும் என்பது இதன் பொருள்.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உயிர் ஓட மட்டும் ஏறத்தாழ 1,200 கலோரி வேண்டும். கூடையோடு மலையில் நின்றால் நாளுக்கு 2,200 அளவில் செலவாகும், வீட்டோடு இருந்தால் 1,800. பசி பழையபடியே இருந்தால் நாளொன்றுக்கு 400 கலோரி மிஞ்சும். மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்குச் சொல்லும். உடம்பு பருக்கப் பருக்கச் செலவும் கூடுவதால் போகப் போக வேகம் தணியும்.

பதில்: போசாக்குப் பிரிவு, பதுளை

அந்த 400ஐ அடுப்படியில் பிடிக்கலாம். முதலில் தேத்தண்ணி. குவித்த தேக்கரண்டி ஒன்றில் 5 கிராம் சீனி. கோப்பைக்கு இரண்டு, நாளுக்கு ஆறு கோப்பை என்றால் 60 கிராம், 240 கலோரி. குடித்த சீனியைப் பசித் தராசு சரியாக எண்ணுவதில்லை; அத்தனை குடித்தும் மத்தியானச் சோறு குறையாது. ஒரே நாளில் நிறுத்தினால் நிலைக்காது. கோப்பைக்குக் கால் கரண்டி வீதம் வாரத்துக்கு வாரம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பதும் நல்ல வழிதான், கை அளவு சிறிதாக இருந்தால்.

ரொட்டி அடுத்தது. 100 கிராம் கோதுமை மாவும் 30 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய தடித்த ரொட்டி 450 கலோரி. இரண்டு ரொட்டியும் கட்டைச் சம்பலும் மலைக்குப் போகிறவருக்குச் சரி. வீட்டில் இருப்பவர் ஒன்றோடு நிறுத்தினால் பதினொரு மணிக்குள் பசி பிடுங்கும், ஏனென்றால் மாவில் புரதம் குறைவு. குறைத்த ரொட்டியின் இடத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதுதான் காரியம். 50 கிராம் காய்ந்த பருப்பு அல்லது கௌபி 12 கிராம் புரதம் தரும், முட்டை ஒன்று 6 கிராம். ஒரு ரொட்டியோடு கெட்டிப் பருப்பும் ஒரு முட்டையும் வைத்தால் ஜி.எல்.பி-1, பி.வை.வை. கூடி, மத்தியானம் வரை தாங்கும். பருப்பைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுவதால் அது கறியாகத் தெரிகிறது, புரதம் வயிற்றுக்குப் போவதில்லை. இங்கேதான் அநேகமான வீடுகளில் பிழைக்கிறது. கருவாடும் நல்லதுதான், சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழித்தால்.

தட்டில் முதலில் கீரை, போஞ்சி, கோவா, பிறகு பருப்பு, கடைசியில் சோறு. இந்த வரிசை சாப்பிட்ட பின் இரத்தச் சீனி ஏறுவதைக் குறைக்கும். (சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஏறாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், இரத்தக் குறைவுள்ள பெண்கள் அதிகம்.)

நடையை விட வேண்டாம். காலையில் முக்கால் மணி நேரம், சாப்பிட்ட பின் பத்து நிமிடம். முழங்கால் வலி இருப்பவர் சமமான வழியில் நடப்பது நல்லது. ஏற்றமும் இறக்கமும் முழங்காலுக்குப் பாரம்தான், இறங்கும்போது கம்பூன்றி மெல்ல இறங்க வேண்டும்.

தராசில் பார்ப்பதை விட நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்டிமீற்றர், ஆணுக்கு 90 சென்டிமீற்றர் தாண்டினால் கவனம் வேண்டும். நம் ஆட்களுக்கு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இது கூடுதல், அப்படிப்பட்ட பிறப்பு நாட்டிலேயே அதிகம் உள்ளது தோட்டப் பகுதியில்தான்.

கொட்டகலை வாசகி

மிகவும் நன்றி. சிலர் சீனி வியாதிக்கு மருந்து தொடங்கிய பிறகுதான் பசி கூடியது என்கிறார்கள். அப்படியும் உண்டா?

பதில்: மருந்தாளர், அட்டன்

உண்டு. இன்சுலின் ஊசியும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசைகளும் எடையைக் கூட்டலாம். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி இறங்கி, நடுக்கமும் வியர்வையும் வெறிகொண்ட பசியும் வரும். அந்த நேரம் சீனி போட்ட தேத்தண்ணி குடிப்பது சரியான முதலுதவி. ஒரு தடவை அப்படியானாலும் டொக்டரிடம் சொல்ல வேண்டும், அளவு பிழையாக இருக்கலாம். மெட்போர்மின் எடையைக் கூட்டாது.

இழுப்புக்கு அடிக்கடி கொடுக்கும் பிரெட்னிசலோன் பசியை நன்றாகத் தூண்டும். நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், மனநோய்க்கான ஒலன்சபைன், மூன்று மாதக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி ஆகியவற்றாலும் சிலருக்கு எடை ஏறும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தைரொயிட் குறைவு என்று எல்லா எடையையும் அதன் தலையில் போடுகிறார்கள். அதனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் சேர்ந்திருந்தால் டி.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தச் சோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

நித்திரையையும் கேளுங்கள். 2004இல் சிக்காகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். லெப்டின் 18 வீதம் இறங்கியது, கிரெலின் 28 வீதம் ஏறியது. கடை பூட்டி இரவு பத்துக்கு வந்து, விடிய நாலுக்கு எழும்புகிற பிள்ளைகளின் பசிக்கு இதுவும் காரணமாகலாம்.

இப்போது பேசப்படும் செமகுளுடைட் ஊசி ஜி.எல்.பி-1 போலவே நடந்து பசியை அடக்கும். நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வில் கண்டார்கள். ஒன்லைனில் மலிவாக விற்பதை வாங்க விடாதீர்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் கிளினிக் கொப்பியையும் மருந்துப் பைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். யாருக்கு எந்த நேரம் பசிக்கிறது, எந்த நேரம் குளிசை போடுகிறார் என்று பக்கத்தில் எழுதி, சுகவனிதையர் கிளினிக்கில் (பெண்களுக்கான சுகாதாரக் கிளினிக்) காட்டினால் டொக்டருக்கு முடிவெடுக்க அது போதும்.