டர்பனிலிருந்து கேப் டவுன்: 9,000 ராண்ட் கூடுதல் சம்பளத்துக்குப் போகலாமா?

வணக்கம். டர்பன் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கிறேன். சம்பளம் மாதம் 32,000 ராண்ட். கேப் டவுனில் ஒரு நிறுவனம் 41,000 தருவதாகச் சொல்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கூடுதலாக வரும் 9,000-இல் 31 சதவீதம் வரி போனால் கையில் நிற்பது சுமார் 6,200. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இரண்டு அறை வீட்டுக்கு 6,500 வாடகை கொடுக்கிறேன். கேப் டவுனில் ரைலாண்ட்ஸ் பக்கம் அதே அளவு வீட்டுக்கு 12,500 கேட்கிறார்கள், இரண்டு மாத முன்பணம் வேறு. அங்கேயே 6,000 போய்விடுகிறது.

அப்புறம் அம்மா. வயது 68, சர்க்கரை. தினமும் இரவு எட்டு மணிக்கு நான்தான் இன்சுலின் போட்டுவிட்டு, அளவைச் சுவர் காலண்டரில் குறித்து வைப்பேன். சாட்ஸ்வொர்த்தை விட்டு வர மாட்டேன் என்கிறார். இடையில் 1,600 கிலோமீட்டர், நினைத்தவுடன் ஓடி வர முடியாது. தங்கை இருக்கிறாள், ஆனால் அவளுக்கு இரவு ஷிஃப்ட்.

இங்கே சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்டேன், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். புது நிறுவனத்திடம் வாரம் இரண்டு நாள் டர்பனிலிருந்தே வேலை செய்யலாமா என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். இடம் மாறும் செலவுக்கு ஒரே தடவை 15,000 தருவார்களாம். ஆறு வீட்டுத் தரகர்களிடம் பேசியாயிற்று, வாடகை இறங்கவில்லை. ஆனாலும் இந்த வேலையில் மேலே போக வழி இருக்கிறது, இங்கே இல்லை. அதுதான் மனதைப் பிடித்து இழுக்கிறது.

டர்பனிலிருந்து இப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்: 41,000 சம்பளத்தில் அங்கே குடும்பம் நடத்தி, இங்கே அம்மாவைக் கவனிக்க ஆள் வைக்கவும் பணம் மிஞ்சுமா?