உதவி: வில்லின் முதுகில் ஆண்டு வளையம் அறுந்துகொண்டே போகிறது

யீஷூன்வாசி:
வில் செய்ய அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஓசேஜ் ஆரஞ்சு மரக்கட்டை, 180 செ.மீ. நீளம். பட்டையையும் வெள்ளைக்கட்டையையும் எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் மஞ்சள் வைரக்கட்டையில் ஒரே வளையத்தை முனைக்கு முனை முதுகாக (எய்பவருக்கு எதிர்ப்பக்கம்) விடப் பார்க்கிறேன். வளையம் 3 மி.மீ. இருக்கும். இழைப்புளி போட்டால் நடுவில் நன்றாக வருகிறது. ஒரு சாண் தள்ளி வளையம் அறுந்து நீள்வட்டக் கோடுகளாகிவிடுகிறது. இரண்டு இடத்தில் இப்படி. கட்டை போச்சா? மரத்தைவிடக் கப்பல் கூலி அதிகம் கொடுத்தேன்.

ஜூரோங் தச்சர்:
போகவில்லை தம்பி. இழைப்புளியை முதலில் உள்ளே வையுங்கள். அதன் அடி தட்டை, மேட்டைச் சீவிச் சமமாக்கத்தான் அதற்குத் தெரியும். மரம் நெளிந்து வளர்ந்திருந்தால் வளையமும் ஏறி இறங்கும். முதுகும் அப்படியே மேடுபள்ளமாக இருக்கட்டும். இப்போது முழு நீளத்துக்கும் அடுத்த வளையத்துக்கு இறங்கிவிடுங்கள். கனத்தை எப்படியும் வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்த்த பக்கம், குறைக்கத்தானே போகிறீர்கள். இரண்டு பிடி வைத்த இழுப்புக் கத்தி போதும், கடைசியில் சுரண்டும் தகடு.

யீஷூன்வாசி:
எங்கே நிறுத்துவது அண்ணே? எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிகிறது.

ஜூரோங் தச்சர்:
காதால் கேளுங்கள். வளையங்களுக்கு நடுவே, பருவத் தொடக்கத்தில் வளர்ந்த துளைத்துளையான மெல்லிய அடுக்கு உண்டு. கத்தி அதில் போனால் மொறுமொறுவென்று கேட்கும், சீவல் பொடியாக உதிரும். அதன் அடியில் வழவழப்பான கெட்டி மரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைக் கட்டையோடு ஒட்டிப் பக்கவாட்டில் வையுங்கள்.

பிடோக் ரவி:
அறுந்த இடத்தில் பசை ஊற்றி நூல் சுற்றினால் ஆகாதா? அப்புறம், இங்கே சிங்கப்பூரில் வெட்டிப்போடும் கிளைகளில் பழகலாமா?

ஜூரோங் தச்சர்:
சின்ன நார் எழும்பினால் சுற்றலாம். ஆனால் வில்லை இழுக்கும்போது முதுகுதான் விரியும், அறுந்த நார் அங்கேதான் கிளம்பும். இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில் முகத்துக்குப் பக்கத்தில் உடைவதை ஒருமுறை பார்த்தேன், போதும். இங்கே வருடம் முழுக்க மழையும் வெயிலும் ஒரே மாதிரி, பல மரங்களில் வளையம் தெளிவாக விழாது. வளையம் பார்த்துப் பழக அது உதவாது.

யீஷூன்வாசி:
மூன்று ராத்திரி ஆச்சு. டார்ச்சோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முடித்துவிட்டேன், மொறுமொறு சத்தம் நன்றாகவே கேட்கிறது. மறுபக்கத்தில் ஒரு கணு. அதைச் சுற்றிக் கொஞ்சம் மேடாகவே விட்டுவிடலாமா?

ஜூரோங் தச்சர்:
விடுங்கள். ஒரு வெள்ளிக்காசு அளவு மேடு இருந்தால் நல்லதுதான்.