மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க்: ஒரே நாளில் போய்வர என்ன திட்டம் போடலாம்?

கேள்வி: மியூனிக்_மாணவன்

மியூனிக்கில் முதுநிலை படிக்கிறேன். மூன்று பேராக ஒரு நாள் நியூரம்பெர்க் போய்வர எண்ணம். என்னிடம் டொய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுதும் வட்டார ரயில், பஸ்ஸுக்கான மாதச் சந்தா) இருக்கிறது, மற்ற இருவரிடம் இல்லை. கோட்டை, பழைய நகரம், நாஜிக் கட்சியின் மாநாட்டுத் திடல், போர்க்குற்ற விசாரணை நடந்த நீதிமன்றம், ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம் எல்லாம் ஒரே நாளில் முடியுமா? எந்தக் கிழமை வசதி? ஐசிஈ (அதிவேக ரயில்) தேவையா? ஒருவர் சுத்த சைவம், அதையும் சொல்லுங்கள்.

பதில்: தண்டவாளம்

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

உங்கள் டொய்ச்லாண்ட் டிக்கெட் நியூரம்பெர்க் வரைக்கும் செல்லும், அங்குள்ள யூ-பான் (சுரங்க ரயில்), டிராம், பஸ்ஸுக்கும் சேர்த்து. எனவே பேயர்ன் டிக்கெட்டை (பவேரியா மாநில வட்டார ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட்) இரண்டு பேருக்கு மட்டும் எடுங்கள். மூன்று பேர் என்று போட்டால் ஒருவர் பணம் வீண். அந்த இருவர் பெயரையும் டிக்கெட்டில் எழுத வேண்டும். பரிசோதகர் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார். உங்களுக்கும் இதே கதைதான்: மொபைலில் டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது, போட்டோ உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

பேயர்ன் டிக்கெட் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத்தான் தொடங்கும். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எந்த நாளானாலும் மறுநாள் விடியற்காலை 3 மணி வரை. வார நாளில் 8:50 வண்டியில் ஏறிவிட்டு "பத்து நிமிஷம்தானே" என்று சமாளிக்க முடியாது. டிக்கெட் இல்லாத பயணமாகத்தான் கணக்கு, குறைந்தது 60 யூரோ அபராதம்.

வண்டி: இங்கோல்ஷ்டாட் வழியாகப் போகும் ஆர்இ1. இங்கோல்ஷ்டாட்டுக்கும் நியூரம்பெர்க்குக்கும் நடுவே ஐசிஈ ஓடும் அதே அதிவேகத் தடத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் வரை போகிற வட்டார ரயில் இது. மொத்தம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அவுக்ஸ்பூர்க் வழியாகச் சுற்றிப் போகிற வண்டிகளும் ஆப்பில் வரும், அவை கூடுதல் நேரம் எடுக்கும். ஆர்இ1 பல வேளைகளில் இரண்டு மணிக்கு ஒன்றுதான். போகிற வண்டி, வருகிற வண்டி இரண்டின் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். டிபி நேவிகேட்டரில் (ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் ஆப்) வட்டார ரயில்கள் மட்டும் என்ற வடிகட்டியைப் போடாமல் தேடினால் ஐசிஈ கலந்து வரும். புதியவர்கள் தவறான வண்டியில் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஐசிஈ சுமார் ஒரு மணி பத்து நிமிடத்தில் போய்விடும். தனியாளாக, சில வாரம் முன்பே சூப்பர் ஷ்பார்பிரைஸ் (மலிவு முன்பதிவு டிக்கெட்) கிடைத்தால் யோசிக்கலாம். அது குறித்த ஒரே வண்டிக்குத்தான் செல்லும், ரத்து செய்து பணம் வாங்கவும் முடியாது. மூன்று பேருக்கு வேண்டாம்.

பதில்: பெக்னிட்ஸ்_கரை

சனிக்கிழமை போங்கள். திங்களன்று ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் இரண்டும் மூடல், ஓவியர் ட்யூரரின் வீடும் ஆண்டின் பெரும்பகுதி திங்களில் திறக்காது. செவ்வாயன்று நீதிமன்ற நினைவகம் மூடல். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், தேவாலயங்களில் காலை வழிபாடு முடியும்வரை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

அன்றைய திட்டத்தை நண்பகல் 12 மணியைச் சுற்றிக் கட்டுங்கள். ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தின் ஃப்ராவன்கிர்ஷே தேவாலய முகப்பில் உள்ள கடிகாரத்தில் நண்பகல் 12க்கு மட்டும்தான் பொம்மைகள் நகரும். பேரரசர் நான்காம் கார்ல் நடுவில் அமர்ந்திருக்க, ஏழு தேர்வாளர் இளவரசர்கள் அவரை மூன்று முறை சுற்றி வருவார்கள். பேரரசரை இந்த ஏழு பேர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்து 1356இல் வெளியான பொன் முத்திரைச் சாசனத்தின் நினைவாக 1509இல் வைத்தது. மேலே நீலமும் பொன்னுமாக ஒரு உருண்டை தெரியும், அது நிலவின் பிறையைக் காட்டும். முகப்பு மேற்கு பார்த்தது. நண்பகலில் நிழலாகத்தான் இருக்கும். நல்ல போட்டோ வேண்டுமானால் மாலையில் அதே இடத்துக்குத் திரும்புங்கள்.

ஸ்டேஷனிலிருந்து கோனிக்ஸ்டோர் வழியாக உள்ளே நுழைந்து கோனிக்ஸ்ட்ராஸேயிலேயே நடந்தால் முதலில் செயின்ட் லோரென்ஸ் தேவாலயம். அங்கே அவசரப்பட வேண்டாம். ஃபைட் ஷ்டோஸ் செதுக்கிய மரச்சிற்பம் கூரையிலிருந்து தொங்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, ஆடம் கிராஃப்ட் கல்லில் செய்த நற்கருணைக் கோபுரம் (வழிபாட்டு அப்பம் வைக்கும் மாடம்) ஏறக்குறைய 20 மீட்டர் உயரம், நுனி கொடிபோல வளைந்து நிற்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடியில் குனியுங்கள்: உளியோடு மண்டியிட்டு அந்தப் பாரத்தைத் தாங்குகிற ஆள் சிற்பியேதான். பிறகு மியூசியம்ஸ்ப்ரூக்கே பாலம். ஆற்றின் மேலேயே கட்டிய ஹைலிக்-கைஸ்ட்-ஷ்பிட்டால் என்ற பழைய மருத்துவமனை தெரியும். அதைத் தாண்டினால் ஹாப்ட்மார்க்ட்.

கடிகாரம் முடிந்ததும் கோட்டை. ஸ்டேஷனிலிருந்து கோட்டை வரை ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்தான கருங்கல் சாலை. நல்ல ஷூ போடுங்கள். வெளி முற்றமும் அங்கிருந்து தெரியும் கூரைகளும் இலவசம். டிக்கெட் எடுத்தால் ஆழ்கிணற்றைத் தவறவிடாதீர்கள். சுமார் 50 மீட்டர் ஆழம், பாறையைக் குடைந்தது. வழிகாட்டி தண்ணீர் ஊற்றுவார், கீழே விழும் சத்தம் வரும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். கோட்டை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 9 முதல் 18 மணி, மற்ற மாதங்களில் 10 முதல் 16 மணி. குளிர்காலத்தில் போனால் வரிசையை மாற்றிக் கோட்டையை முதலில் முடியுங்கள்.

இறங்கும்போது டியர்கார்ட்னர்டோர் சதுக்கம், 1509 முதல் 1528இல் இறக்கும்வரை ட்யூரர் வாழ்ந்த வீடு, வைஸ்கெர்பர்காஸே. கடைசியாகச் சொன்ன தெருவுக்கு டிக்கெட்டும் இல்லை, திறக்கும் நேரமும் இல்லை. மரச்சட்ட வீடுகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

தேசிய அருங்காட்சியகத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அதற்கே ஒரு நாள் வேண்டும்.

பதில்: ஃபியூர்த்_அக்கா

தம்பி, நீதிமண்டபமும் மாநாட்டுத் திடலும் ஒண்டுக்கொண்டு எதிர்த் திசை. ரெண்டையும் ஒரே பின்னேரத்தில போட்டால் ரெண்டையும் வடிவாப் பாக்கேலாது. ஒண்டை எடுங்கோ. நான் சொன்னால் நீதிமண்டபம்.

பழைய நகரத்தில இருந்து யூ1 எடுத்து பேரன்ஷான்ஸேயில இறங்கினால் கிட்டத்தான். 600ஆம் இலக்க மண்டபம்: 1945 நவம்பர் 20 தொடங்கி 1946 அக்டோபர் 1 வரை முக்கிய விசாரணை நடந்தது அங்கதான். கண்காட்சி மேல் மாடியில. ஒலி வழிகாட்டியோட ரெண்டு மணித்தியாலம் வேணும், அதால மூண்டு மணிக்குப் பிந்தாமல் போங்கோ. மண்டபத்தை இடைக்கிடை நிகழ்ச்சிகளுக்குப் பூட்டுறவை, முதல் நாளே இணையத்தளத்தில பாருங்கோ. மாணவர் அட்டையை மறக்காதேங்கோ. இன்னொண்டு: நீங்கள் போற யூ1, 1835இல ஜெர்மனியின்ர முதல் நீராவி ரயில் ஃபியூர்த்துக்கு ஓடின அதே பாதையை ஒட்டித்தான் போகுது.

திடல்தான் வேணுமெண்டால் எஸ்2 நகர ரயில் எடுத்து டுட்சென்டைஷில இறங்குங்கோ. செப்பலின் மேடையும் (நாஜி மாநாட்டு மேடை) குளக்கரையும் திறந்தவெளி, காசில்லை. பக்கத்து ஸ்டேடியத்தில மேட்ச் இருக்கிற நாளில போகாதேங்கோ, டிராமில நிக்கவும் இடம் கிடையாது.

சாப்பாடு: "ட்ரை இம் வெக்ளா" எண்டு கேட்டால் ஒரு பாணுக்குள்ள மூண்டு சின்னச் சொசேஜ் வரும். ஒவ்வொண்டும் 7 முதல் 9 சென்ரிமீற்றர், மார்ஜொரம் மூலிகை வாசம். அது பன்றி இறைச்சி, சாப்பிடாத ஆக்கள் கவனம். சைவக்காரருக்குப் பேக்கரியில சீஸ் போட்ட பிரெற்செல், ஃபலாஃபெல் கடை. வீட்டில இருந்து கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, கோட்டைச் சுவரடியில இருந்து சாப்பிடலாம். பிளாஸ்ரிக் போத்திலை எறியாதேங்கோ, 25 சென்ற் திரும்ப வரும். ஸ்ரேசன் கழிப்பறைக்குச் சில்லறை வேணும். மியூசியத்துக்க போயிட்டு வந்தால் அந்தக் காசு மிச்சம்.

மியூனிக்_மாணவன்

மிக்க நன்றி. நீதிமன்றமே எடுக்கிறோம். திரும்பும்போது ஆர்இ1 தாமதமானால் ஐசிஈயில் ஏறலாமா? டிசம்பரில் போனால் கூட்டம் எப்படி?

பதில்: தண்டவாளம்

ஏறக்கூடாது. 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு வண்டியில் போய்ப் பிறகு பணம் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. பேயர்ன் டிக்கெட், டொய்ச்லாண்ட் டிக்கெட் போன்ற சலுகை டிக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது. ஐசிஈ வேண்டுமானால் தனி டிக்கெட், சொந்தச் செலவு. எனவே கடைசி ஆர்இ1ஐ நம்பாமல் அதற்கு முந்தையதில் கிளம்புங்கள்.

டிசம்பர் என்றால், கிறிஸ்ட்கிண்டல்ஸ்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை, முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு) முந்தைய வெள்ளியன்று தொடங்கி 24ஆம் தேதி முடியும். நடப்பது அதே ஹாப்ட்மார்க்ட்டில். கடிகாரத்துக்கு அரை மணி முன்பே நின்றால்தான் இடம். அப்போது மட்டும் சனிக்கிழமையை விட்டு புதன் அல்லது வியாழன் போங்கள், 9 மணி விதியை நினைவில் வைத்துக்கொண்டு.