ஒய்20 பரிந்துரை வரைவு: பிஎல்எஃப்எஸ் (இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு) தரவு தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். ஜி20 நாடுகளின் இளைஞர் குழுவான ஒய்20-க்கு, படிப்பிலும் வேலையிலும் பயிற்சியிலும் இல்லாத இளைஞர்கள் பற்றி ஒரு பக்கப் பரிந்துரை தயாரிக்கிறோம். இலக்கு எண்ணில்தான் உதவி தேவை.

2015-இல் துருக்கியின் அன்டால்யாவில் நடந்த ஜி20 மாநாட்டில், வேலைச்சந்தையிலிருந்து நிரந்தரமாக ஒதுங்கிவிடும் அபாயத்தில் உள்ள இளைஞர்களின் பங்கை 2025-க்குள் 15% குறைப்பதாகத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இது 15 சதவீதப் புள்ளி அல்ல. 20% இருந்தால் 17% ஆக வேண்டும், 5% அல்ல. வரைவுகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வயது வரம்பும் அப்படியே: ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 15–24 என்று கணக்கிடும், நம் பிஎல்எஃப்எஸ் அறிக்கை 15–29 என்று தரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

பிஎல்எஃப்எஸ் மூலத்தரவிலிருந்து 15–24 வயதினரை ஆண், பெண் எனப் பிரித்து, எடைக்காரணியோடு (கணக்கெடுப்பில் வரும் ஒருவர் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எண்) கணக்கிடத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? பெண்களின் எண் தனியாக வேண்டும். வீட்டுவேலையில் முடங்கியவர்கள் மொத்தச் சராசரியில் மறைந்துபோகிறார்கள்.

இன்னொன்று: ஜி20-க்கு நிரந்தரச் செயலகம் கிடையாது, முடிவுகள் ஒருமித்த கருத்தில்தான். அதனால் "உலக நிதியம் தொடங்குக" போன்ற வரி எடுபடாது. எந்த அமைச்சகம், எதை, எப்போதுக்குள் என்று எழுதியிருக்கிறோம். கொள்கை வரைவில் அனுபவமுள்ள ஒருவர் அந்த வரிகளைக் கறாராகத் திருத்தித் தந்தால் நல்லது. முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், வரைவை அனுப்புகிறோம்.