அவசர நாள் சாப்பாடும் கானில் கிடந்த தாள்களும்

டிக்கோயாவிலிருந்து ஓர் ஆசிரியை:

செவ்வாயும் வியாழனும் எனக்குப் பின்னேர வகுப்பு. வீடு திரும்ப இருட்டிவிடும். கணவர் கடை மூடி வருவதற்கு எட்டு மணியாகும். அந்த இரண்டு நாளும் எங்களுக்கு இராச் சாப்பாடு கடைச் சோறுதான். நான்கு பார்சல் வாங்கினால் நான்கு லஞ்ச் சீட் (சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள்), பருப்புக்கும் குழம்புக்கும் தனித்தனிச் சின்னப் பைகள், எல்லாவற்றையும் போட்டுத் தர ஒரு சொப்பிங் பை. நகரத்தில் குப்பை ட்ராக்டர் வருகிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வருவதில்லை.

ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னால் உள்ள கான் (மழைநீர் வடிகால்) அடைத்து, தண்ணீர் குசினிக்குள் புகுந்துவிட்டது. மாமி முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். மண்வெட்டியோடு அவரே இறங்கினார். அள்ளிப் போட்டதில் மண்ணைவிடத் தாள்தான் அதிகம். ஒவ்வொன்றாக அலசிக் கரையில் விரித்தார். ஒன்றில் எங்கள் கடைக்காரர் போடும் சிவப்பு ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. "இது நம் வீட்டுச் சோற்றுத் தாள்தானே, பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கான் தண்ணீர் கெசல்கமுவ ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பிறகு அதுவே களனி கங்கை. அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீர் எடுப்பதும் அதிலிருந்துதான்.

லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டேன். "இது மக்கும் தாள், டீச்சர்" என்றார். நம்பி, ஒன்றைக் கழுவிக் கோவாப் பாத்தியில் புதைத்தேன். அந்த நம்பிக்கையில் வாங்குவதையும் நிறுத்தவில்லை. நான்கு மாதம் கழித்துத் தோண்டியபோது அதன் மடிப்புக்கூடக் கலைந்திருக்கவில்லை. மக்கும் என்று விற்கப்படும் பலவற்றுக்கு நல்ல சூடு வேண்டும், எங்கள் குளிர் மண்ணில் அந்தச் சூடு ஏது?

அடுத்த வியாழன் நான்கு எவர்சில்வர் பெட்டிகளோடு போனேன். கடைக்காரர் தயங்கினார். தாளில் வைத்தால் சோற்றின் அளவு கைக்குத் தெரியும், பெட்டியில் தெரியாது என்றார். நியாயமான பேச்சு. கடைசியில் அவரே ஒரு வழி கண்டார்: வழக்கமான அளவைப் பீங்கானில் வைத்துப் பெட்டியில் கவிழ்ப்பது. இப்போது என்னைக் கண்டதும் பீங்கானை எடுத்துவிடுகிறார். பருப்புதான் படுத்தியது. பஸ் வளைவுகளில் மூடியால் கசிந்து, கொப்பிகளெல்லாம் மஞ்சளாயின. இப்போது அதைப் பழைய ஜாம் போத்தலில் வாங்குகிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் வீட்டுக் குப்பை காலையில் சேர்வது. இரண்டு பிள்ளைகளும் ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ரொட்டியும் கட்டச் சம்பலும் பொலித்தீன் பையில் போகும். வாரத்துக்குப் பத்துப் பைகள். வாழையிலைக்கு மாறிய முதல் நாளே இலை கிழிந்து, சம்பல் புத்தகப்பைக்குள் கொட்டிவிட்டது. அம்மாதான் காட்டித் தந்தார்: தணலுக்கு மேல் இலையை மெல்ல இழுத்தால் நிறம் கறுத்து, பளபளத்து, துணிபோல் மடியும். நடுநரம்பைச் சீவிவிடவேண்டும். ஞாயிறு இரவு எட்டுத் துண்டு வாட்டித் துணியில் சுற்றிவைக்கிறேன். வியாழன் வரை தாங்குகிறது. வெள்ளிக்கு மட்டும் புதிதாக இரண்டு வேண்டும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வாழை சரியாக வராது. அங்குள்ளவர்களுக்குப் பருத்தித் துணிதான் வசதி.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்:

டிக்கோயா டீச்சரின் கான் கதையைப் படித்ததும் எங்கள் பசு நினைவுக்கு வந்தது. இரைமீட்பதை நிறுத்தியது, வயிறு உப்பியது, ஐந்தாம் நாள் செத்துவிட்டது. மிருக வைத்தியர் வயிற்றைக் கீறிக் காட்டினார். தாள்களும் பைகளும் கயிறாக முறுகிக் கிடந்தன. குழம்பின் உப்புக்காகத் தின்றிருக்கும் என்றார். நாளுக்கு ஆறு போத்தல் பால் தந்த பசு. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு லஞ்ச் சீட் வருவதில்லை. தவிர்க்க முடியாமல் வரும் பைகளைக் கழுவிச் சாக்கில் கட்டி, சனிக்கிழமை டவுனுக்குக் கொண்டுபோகிறோம்.

எனக்கு ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. மீன் குழம்பு வாங்கிய பெட்டியின் மூடி ரப்பரில் மணம் போகவே மாட்டேன் என்கிறது. சாம்பல், தேசிக்காய் இரண்டையும் பார்த்துவிட்டேன். டீச்சர் என்ன செய்கிறார் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.